ஆரவாரம் வேண்டாம்

பழநிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் உள்ள பாலசமுத்திரத்துக்குப் பெயரில் மட்டுமே சமுத்திரம் உண்டு. குளத்தையும் ஏரியையும் சமுத்திரம் என்றழைத்துப் பெருமைப்பட்ட நம் முன்னோரின் தாராள மனம் அது. அலையோசை கேட்டறியாத அந்த ஊரில், சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்று மாலையில், கடலைப் பற்றிய பேச்சு ஒன்றில் நாம் சிக்கிக்கொண்டோம்.

அங்குள்ள ஒரு கத்தோலிக்க இல்லத்தில் செபமாலை முடிந்து, ஒவ்வொருவராக மன்றாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தனர். அந்த வீட்டு அம்மாளின் மகன் இராணுவ மருத்துவப் பிரிவில் ஆண் செவிலியராகப் பணிபுரிகிறான். அவர் முறை வந்தபோது, "எல்லையில் காயம்பட்டுக் கிடக்கிற எல்லாச் சிப்பாய்களுக்காகவும், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றார். பதிலுரை பாதிக் குரல்களில்தான் எழுந்தது. செபம் முடிந்து காப்பி வந்தபோது அவருடைய கொழுந்தனார் நேராகவே கேட்டுவிட்டார்: "அந்தப் பக்கத்துக்கு எதுக்கு மதினி ஜெபம்? அவங்களுக்கு அவங்க ஊரில் சொல்ல ஆள் இல்லையா?"

கேட்டவர் வாய்ச்சொல் வீரர் அல்லர். 1987இல் இந்திய அமைதி காக்கும் படையோடு இலங்கைக்குச் சென்றவர். இடக்கையில் இரு விரல்களை அங்கே விட்டுவிட்டு வந்தவர். விரல்களைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் அவருக்கு உண்டு. ஒரே கூடாரத்தில் படுத்த நண்பர் அவர் கண்முன்னே மாண்டார். ஆகவே அவர் கேள்வியை யாரும் இலேசாகத் தள்ளிவிட முடியவில்லை. அம்மாள் மட்டும் தாழ்ந்த குரலில், "கட்டுப்போடும்போது சட்டையைப் பார்க்கக் கூடாதென்று என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம், தம்பி. அவன் செய்கிற வேலையைத்தானே நான் ஜெபத்தில் சொன்னேன்" என்றார். பிறகு எல்லாருடைய கண்களும் நம் பக்கம் திரும்பின.

நாம் அப்போது சொன்ன பதில் மிகச் சாதாரணமானது. பகைவரை நேசியுங்கள் என்ற ஆண்டவரின் வாக்கையும் நல்ல சமாரியர் உவமையையும் எடுத்துச் சொன்னோம். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். ஆனால் சமாதானம் அடையவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேதாகமத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதனின் காயத்துக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டோம் என்ற உறுத்தல் பேருந்தில் ஏறிய பின்னும் நீங்கவில்லை. அந்தக் கடனை இந்த மாதம் இப்பக்கத்தில் தீர்க்க முயல்கிறோம்.

அன்று அந்த வீட்டிலேயே ஒரு சிறு துப்பு கிடைத்திருந்தது. முற்றத்தில் ஓடியாடிய பேரனைப் பார்த்து யாரோ, "இவன் சரியான எம்டன்!" என்று சிரித்தார்கள். எமகாதகனையும் கெட்டிக்காரனையும் ஒருசேரக் குறிக்கும் அந்தச் சொல் நம் வீடுகளில் நூறாண்டுகளுக்கும் மேலாகப் புழங்குகிறது. அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதும், 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அக்கப்பல் சென்னைக்கு வந்து குண்டு வீசியதும், துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்ததும், அஞ்சிய நகரமக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடியதும் பலரும் அறிந்தவை. உயர்நீதிமன்ற மதிலருகே உள்ள நினைவுக் கல்லையும் சிலர் கண்டிருப்பீர்கள். ஆனால் அந்த எம்டனின் முடிவு எப்படியிருந்தது, அதில் காயமுற்றுக் கிடந்தவர்களை யார் கரைசேர்த்தார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. நம்மை அடித்தவனின் பெயரை நினைவில் வைத்தோம்; அவன் அடிபட்டபோது நடந்ததை மறந்தோம்.

முதலில் அந்தக் கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லரைப் பற்றி ஒரு சொல். அவர் புனிதர் அல்லர். அவருடைய குண்டுகளால் சென்னைத் துறைமுகத்தில் உயிர்கள் போயின. அக்டோபர் 28ஆம் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து இரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றைத் தகர்த்தார். திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற சிறிய பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தார். ஆனால் மூழ்கடித்த பிறகு அங்கிருந்து விரையவில்லை. வேறொரு பகைக் கப்பல் துரத்திவரும் அபாயம் இருந்தும் படகுகளை இறக்கி, நீரில் தத்தளித்த முப்பத்தாறு பிரெஞ்சு மாலுமிகளைத் தூக்கியெடுக்கச் செய்தார். எம்டனின் மருத்துவர்கள் அவர்களுக்குக் கட்டுப்போட்டனர். காயத்தால் சிலர் இறந்தபோது, பகைவர்களாயினும் படை மரியாதையுடன் கடலில் அடக்கம் செய்யப்பட்டனர். இரண்டு நாள் கழித்து நியூபர்ன் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஒன்று எதிர்ப்பட்டது. வேறொரு நாளாக இருந்தால் அதைப் பிடித்து மூழ்கடித்திருப்பார். அன்றோ பிழைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களை அதில் ஏற்றி, நடுநிலை நாடான ஹாலந்தின் ஆட்சியிலிருந்த சுமத்திராவின் சபாங் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி சொல்லி விட்டுவிட்டார். பகைவனின் காயம்பட்டோரைப் பகைவனின் கப்பலிலேயே ஏற்றி அனுப்பிய காட்சி அது.

பத்து நாள் சென்றது. நவம்பர் 9ஆம் தேதி, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி எம்டனை மடக்கியது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. இரண்டு மணி நேரத்துக்குள் எம்டன் நொறுங்கியது. மூழ்கிப்போகாதிருக்க முல்லர் அதை வடக்குக் கீலிங் தீவின் பவழப்பாறை மீது மோதவிட்டார். நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். உயிரோடிருந்தவர்களுக்கு அன்றிரவும் மறுநாள் காலையும் நரகமாகக் கழிந்தன. குடிநீர் இல்லை. மருந்துகள் குண்டுக்கு இரையாகியிருந்தன. மேல்தளத்தில் அசையவும் இயலாது கிடந்தவர்களைக் கடற்பறவைகள் வந்து கொத்தின. கரைக்கு நீந்திப் போனவர்களுக்கும் தாகம் தீரவில்லை. அங்கே உதவி மருத்துவர் ஒருவரே உயிரிழந்தார்.

சிட்னி உடனே உதவ வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எம்டனின் ஒரு பிரிவினர் தந்தி நிலையத்தைத் தகர்க்க வேறொரு தீவில் இறங்கியிருந்தனர். அவர்களைப் பிடிக்கச் சென்ற சிட்னி மறுநாள்தான் திரும்பியது. எம்டனின் கொடி இறங்காதிருந்ததால், முதல் நாள் மாலையில் அது மீண்டும் சில குண்டுகளைச் சுட்டதும் உண்டு. போரில் எவர் கையும் முழுக்கச் சுத்தமாக இருப்பதில்லை. ஆனால் 10ஆம் தேதி திரும்பி வந்தபின் நடந்ததைக் கவனியுங்கள். பாறைமீது அலை சீறிப் பாய்கிறது. படகு அருகே நெருங்க முடியவில்லை. காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிறுகட்டி இறக்கிப் படகில் ஏற்றி, படகிலிருந்து மீண்டும் சிட்னிக்குத் தூக்க வேண்டும். எலும்பு முறிந்தவனுக்கும் தீப்புண் பட்டவனுக்கும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு மரண வேதனை. அந்த வேலை மறுநாள் காலைவரை நீடித்தது. தந்தி நிலையத்து மருத்துவரும் உதவிக்கு அழைத்துவரப்பட்டார். சிட்னியின் அதிகாரிகள் உணவருந்தும் அறை அறுவைக்கூடம் ஆயிற்று. சிட்னியின் மருத்துவர்களும், களைப்புத் தெளிந்த பின் எம்டனின் மருத்துவரும், நேற்றுவரை ஒருவர்மேல் ஒருவர் குண்டுமாரி பொழிந்த இரு கப்பல்களின் மக்களுக்கு ஒரே இடத்தில் நின்று சிகிச்சை செய்தனர்.

சிட்னியின் தலைவர் ஜான் கிளாசப் தம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் கணக்கு இருக்கிறது: அதிகாரிகள் 11, இளநிலை அதிகாரிகள் 9, மற்றவர் 191. இவர்களுள் காயமுற்றோர் 56 பேர். அவர்களில் நால்வர் பின்னர் இறந்தனர். சிட்னியின் தரப்பில் இறந்தவர்களும் நால்வரே. இந்த இரண்டு நான்குகளையும் ஒன்றாகக் கூட்டுவதா, தனித்தனியே வைப்பதா என்பதுதான் பாலசமுத்திரத்து வாதம் என்று இதைப் படித்தபோது நமக்குத் தோன்றிற்று.

நவம்பர் 15ஆம் தேதி சிட்னி கொழும்பை அடைந்தது. துறைமுகத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிய கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. வார்த்தை தெரிந்திருந்தது. எம்டனை வென்ற கப்பல் வருகிறது! ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தளங்களில் திரண்டு தொண்டையைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஆனால் சிட்னியிலிருந்து ஒரு வேண்டுகோள் முன்னதாகவே வந்து சேர்ந்தது: எம்டனின் காயம்பட்டோர் கப்பலில் இருக்கின்றனர், ஆரவாரம் வேண்டாம். வெற்றிபெற்ற கப்பல் அமைதியாகத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அத்தனை பேரும் வாய்திறவாமல் நின்றனர். ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் கடற்போர் வெற்றி அது என்பதை நினைத்தால் அந்த மௌனத்தின் விலை விளங்கும்.

இது நிற்க. அதே 1914 நவம்பர் முதல் வாரத்தில் நம்மவர்களே ஒரு தோல்வியில் சிக்கியிருந்தனர். கிழக்காப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்ட இந்தியப் படையில் நம் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படைப் பிரிவும் இருந்தது. நெடுநாள் கப்பல் பயணத்தில் துவண்டு, பயிற்சி குன்றி இறங்கிய அப்படைகள், எண்ணிக்கையில் மிகக் குறைந்த ஜெர்மானியப் படையிடம் தோற்றுப் பின்வாங்கின. காட்டுத்தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கொட்டியதும் அந்தப் போரின் கதையில் சேர்ந்துவிட்டது. ஏறக்குறைய ஐந்நூறு பேர் காயமுற்றனர். கடற்கரையிலிருந்து அவசர அவசரமாகப் படகேறியபோது, தூக்க முடியாதவர்களை அப்படியே விட்டுச்செல்ல நேர்ந்தது. வெள்ளைக்கொடியுடன் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி மருந்துப் பெட்டிகளோடு கரைக்குச் சென்றார். ஜெர்மானியர் மருத்துவமனையில் நம் சிப்பாய்கள் படுத்திருந்தனர். எடுத்துச் செல்லத்தக்கவர்களை, இப்போரில் இனி ஆயுதமேந்துவதில்லை என்ற வாக்கின்பேரில் அழைத்துச் செல்ல ஜெர்மானியர் இசைந்தனர். காயம்பட்டவனுக்கு அவனுடைய வாக்கே கப்பல் கட்டணமாயிற்று.

சென்னை மாநகரம் எம்டன் அடித்த அதிர்ச்சியிலிருந்து எழுந்து வேறொன்றும் செய்தது. சென்னைப் போர் நிதி என்ற பெயரில் திரட்டிய பணத்தைக் கொண்டு, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் புதிய கப்பலான டாண்டாவை மருத்துவமனைக் கப்பலாக மாற்றியமைத்தார்கள். அதற்கு இட்ட பெயர் 'மதராஸ்'. அப்போது கவர்னராக இருந்தவர் பெண்ட்லண்டு பிரபு. குண்டுபட்ட நகரம் தன் பெயரைப் பீரங்கிக்கு இடாமல், நோயாளிகளைச் சுமக்கும் கப்பலுக்கு இட்டது என்பதில் நமக்கு இன்றும் ஒரு சிறு பெருமை. பாரசீக வளைகுடாவின் பஸ்ரா துறைமுகத்திலிருந்து பம்பாய்க்கு அது காயம்பட்டோரை ஏற்றி வந்தது. பம்பாயில் அருங்காட்சியகத்துக்கென்று கட்டிய மாளிகைகூடப் போர் மருத்துவமனையாகியிருந்தது.

மருத்துவமனைக் கப்பல் என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்கக்கூடும். போர்க்காலத்தில் மற்றக் கப்பல்கள் விளக்கை அணைத்து இருளில் ஒளிந்து ஓடும். இதுவோ விளக்குகளைப் பளிச்சென்று ஏற்றிக்கொண்டு போகும். உடல் முழுதும் வெள்ளை. அந்நாளைய வழக்கப்படி அதில் பச்சைப் பட்டை, பெரிய சிவப்புச் சிலுவைகள். அதன் பெயர் முன்னதாகவே பகைவனுக்கு அறிவிக்கப்படும். அதில் தாக்கும் ஆயுதம் இருக்கக்கூடாது. பகைவன் ஏறிச் சோதிக்க விரும்பினால் இடங்கொடுக்க வேண்டும். கரையில் போரிடுவோருக்காக 1864இல் ஜெனீவாவில் செய்த உடன்படிக்கை, 1899இல் ஹேக் நகரில் கடலுக்கும் விரிக்கப்பட்டது. 1907இல் திருத்தப்பட்டது. 1949இல் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கையாக முழுவடிவம் பெற்றது. காயமுற்றவர், நோயுற்றவர், கப்பல் உடைந்து நீரில் விழுந்தவர் ஆகியோரைக் கொடி பாராமல் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாடும் 1960இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. பாலசமுத்திரத்து அம்மாளின் மகனுக்குக் கற்பித்தது இதைத்தான். ஆகவே அவர் சொன்ன மன்றாட்டு தாய்மனத்தின் இளக்கம் மட்டுமன்று, நாட்டின் சட்டமும் ஆகும்.

சட்டம் இருந்தால் போதுமா? போதாது. அதற்குச் சாட்சி மெசபொத்தாமியா. 1915 நவம்பர் 22 முதல் தெசிபோன் என்ற இடத்தில் துருக்கியரோடு நடந்த போரில் நம் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் காயமுற்றனர். இங்கே அவர்களை வதைத்தது பகைவனின் கொடுமையன்று, சொந்தப் பக்கத்தின் அசட்டை. வில் இல்லாத கோவேறுகழுதை வண்டிகளில் கற்களின்மேல் உருட்டி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து டைகிரிஸ் நதியில் நீராவிப் படகுகளிலும் அவற்றோடு கட்டிய தட்டைப் படகுகளிலும் அடைத்து பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். பயணம் நாட்கணக்கில் நீண்டது. கட்டு மாற்ற ஆளில்லை, கழிப்பிடம் இல்லை, மழையில் போர்வையும் இல்லை. அப்படி வந்த மெஜிதியா என்ற படகை பஸ்ராவில் எதிர்கொண்டவர், வரேலா மருத்துவமனைக் கப்பலின் மேஜர் மார்க்கம் கார்ட்டர். தொலைவிலிருந்து பார்த்தபோது படகின் பக்கங்களில் கயிறுகள் தொங்குவதுபோல் அவருக்குத் தோன்றியது. நெருங்கியபோது அவை கயிறுகள் அல்ல என்று கண்டார். வரிசை வரிசையாகக் கிடந்த நோயாளிகளின் மலம் வழிந்து உறைந்திருந்தது. குடும்பப் பத்திரிகையில் இதை எழுதுவதா என்று தயங்கினோம். அங்கே கிடந்தவர்களும் ஏதோ ஒரு குடும்பத்தின் பிள்ளைகள்தாமே என்று எழுதிவிட்டோம்.

காயம்பட்டோர் நலமாயிருப்பதாகவும் மருத்துவ ஏற்பாடுகள் சிறப்பாக நடந்ததாகவும் மேலிடத்துக்குத் தந்தி போயிருந்தது. கார்ட்டர் உண்மையைச் சொன்னார். அவரை அழைத்து அதட்டினார்கள். வாயை மூடாவிட்டால் பதவி போகும் என்றார்கள். அவர் மூடவில்லை. கடைசியில் விசாரணைக் குழு அமைந்து, 1917இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. இந்திய மந்திரியாக இருந்த ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார். அதற்குள் பஸ்ராவில் படகுகளும் மருத்துவமனைகளும் மருத்துவமனைக் கப்பல்களும் பெருகியிருந்தன. பகைவன்மேல் கோபப்படுவது எளிது. நம் தரப்பின் குற்றத்தை நம் தரப்பாரிடமே சொல்வதற்கு வேறு விதமான தைரியம் வேண்டியிருக்கிறது.

பகைவன் சட்டத்தை மிதித்த நாளும் உண்டு. 1918 ஜூன் 27ஆம் தேதி இரவு, விளக்கேற்றிச் சென்ற லாண்டவரி காசில் என்ற மருத்துவமனைக் கப்பலை ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. உயிர்ப்படகுகளில் தப்பியவர்களையும் சுட்டது. 258 பேரில் பிழைத்தவர்கள் 24 பேர். பதினான்கு செவிலியர் பெண்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. போர் முடிந்தபின் 1921இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர நீதிமன்றமே இரு அதிகாரிகளைத் தண்டித்தது. மேலதிகாரியின் கட்டளை என்ற சாக்கு இங்கே செல்லாது என்றது. எம்டனின் முல்லரும் அதே கடற்படைக்காரர்தாம். ஒரு கொடியைக் காட்டி, இதன் கீழ் நிற்பவர் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்ல வழியில்லை.

நம் திருச்சபையில் இந்த ஊழியத்துக்கு ஒரு பழைய தகப்பன் உண்டு. புனித கமில்லஸ் இத்தாலியில் 1550இல் பிறந்தவர். இளமையில் போர்ச் சிப்பாய், சூதாடி. காலில் பட்ட புண் ஆயுள்வரை ஆறவில்லை. ஆறாத புண்ணோடு நோயாளிகளின் ஊழியர் சபையை நிறுவினார். 1586இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவர்களுடைய அங்கியில் சிவப்புச் சிலுவை அணிய அனுமதித்தார். நேப்பிள்ஸ் துறைமுகத்துக்குக் கொள்ளைநோயுடன் வந்த கப்பல்களைக் கரைக்கு விட மறுத்தபோது, அவருடைய சகோதரர்கள் அந்தக் கப்பல்களிலேயே ஏறிப் பணிசெய்தனர். இருவர் அந்நோயாலேயே மரித்தனர். 1595இல் ஹங்கேரியப் போர்க்களத்துக்கும் அச்சபையினர் காயம்பட்டோருக்குப் பணிசெய்யச் சென்றனர். செஞ்சிலுவைச் சங்கம் பிறக்க இன்னும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

கல்லறைத் திருநாளன்று குருக்கள் மூன்று திருப்பலி நிறைவேற்றுவதன் காரணத்தையும் இங்கே சொல்லிவிடுவது நலம். அது போர் தந்த வழக்கம். முதல் உலகப்போரில் பிணங்கள் மலையாகக் குவிந்துகொண்டிருந்த வேளையில், 1915 ஆகஸ்ட் 10ஆம் தேதி பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அந்த உரிமையை உலகத்துக் குருக்கள் எல்லாருக்கும் வழங்கினார். அவற்றுள் ஒரு பலி மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும். அனைவர் என்ற சொல்லில் பாப்பரசர் பக்கம் பிரிக்கவில்லை. பிரெஞ்சு நாட்டார் அவரை ஜெர்மானியரின் நண்பர் என்றனர். ஜெர்மானியர் பிரெஞ்சுக்காரரின் நண்பர் என்றனர். பாலசமுத்திரத்து அம்மாளுக்கு நல்ல துணைதான் கிடைத்திருக்கிறது.

கடைசியாக, எழுதவும் கை நடுங்குகிற ஒன்று. 2009ஆம் ஆண்டு வன்னியில் போர் முற்றியபோது, காயம்பட்டோரும் நோயாளிகளும் புதுமாத்தளன் கடற்கரையில் குவிந்தனர். தரைவழி அடைபட்டிருந்தது. பிப்ரவரி 10ஆம் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தார் அமர்த்திய கிரீன் ஓஷன் என்ற பயணிக் கப்பல் முதன்முறையாக அங்கிருந்து 240 நோயாளிகளைத் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றது. கப்பல் கரையை நெருங்க முடியாது. ஆகவே மீன்பிடிப் படகுகளில் அவர்களைக் கிடத்திக் கொண்டுபோய் ஏற்றினார்கள். புல்மோட்டையில் நம் இந்திய மருத்துவர்கள் அமைத்த மருத்துவமனைக்கும் பின்னர் அப்படி வந்தவர்கள் உண்டு. மே 9ஆம் தேதி வரை பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளும் உடனிருப்போரும் கடல்வழியே காப்பாற்றப்பட்டனர். அதன்பின் கப்பலால் வர இயலவில்லை. கரையில் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள் அல்லர். தாய்மாரும் பிள்ளைகளும் முதியோரும்.

இவற்றையெல்லாம் எழுதி, அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு படியை எடுத்துக்கொண்டு மறுபடியும் பாலசமுத்திரம் சென்றோம். கொழுந்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். டாண்டா கப்பல் பிற்பாடு என்ன ஆயிற்று என்று கேட்டார். போருக்குப்பின் பழைய பெயரோடு பயணிகளை ஏற்றி ஓடி, இரண்டாம் உலகப்போரில் 1944 ஜூலை 15ஆம் தேதி மங்களூருக்கு அப்பால் ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது என்றோம். "அப்போது அது மருத்துவமனைக் கப்பல் இல்லையே?" "இல்லை." "சரி" என்று தலையசைத்தார். சிப்பாயின் நியாயம் அது.

புதுமாத்தளன் பகுதியை இருமுறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொழும்புத் துறைமுகத்துப் பக்கத்தைத்தான் திரும்பத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் குறைந்த கையால் அந்த வரியைத் தடவியபடி நம்மிடம் சொன்னார்:

"தொண்ணூறிலே நாங்கள் கப்பலில் வந்து மெட்ராசில் இறங்கியபோது எங்களுக்கும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஆனால் அது வேறே மாதிரி மௌனம்."

உள்ளேயிருந்து மதினி காப்பி கொண்டுவந்தார். அவர் தாளை மடித்து அவரிடம் நீட்டி, "இதைப் படிச்சுப் பாருங்க மதினி. எம்டன் வருது" என்றார்.